நின்று பழுதாகும் பற்றரி: 1990 முதல் இன்று வரை ஒரு யாழ்ப்பாணக் கதை



இது கொஞ்சம் நீண்ட பதிவு. வேலைகளை முடித்துவிட்டு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன தவணை விடுமுறையின் முதல் நாள். ஸுபஹு தொழுதுவிட்டு, பைகளையும் பிள்ளைகளையும் வானில் ஏற்றி, புத்தளம் போகத் திறப்பைத் திருப்பினோம். 'டிக்' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

எங்கள் பாடசாலை நடந்து போகிற தூரம். கடைக்கும் பள்ளிக்கும் சைக்கிள் போதும். வான் தெருவுக்கு வருவதே புத்தளத்தில் இருக்கும் உம்மாவைப் பார்க்கப் போகும்போதுதான். வவுனியா, அநுராதபுரம் தாண்டிப் போய் வந்தால், அடுத்த விடுமுறை வரைக்கும் கொட்டகைக்குள் நிற்கும். இந்தமுறை இரண்டு மாதம் நின்றிருந்தது. சோனகதெருவைச் சுற்றி இரண்டு ஊர் வாழ்க்கை வாழ்கிற பல வீடுகளில் இதே கதைதான் என்பது எங்களுக்குத் தெரியும்.

கராஜிலிருந்து ஒரு அண்ணன் வந்து பார்த்தார். அறுபதை நெருங்கும் வயது. பற்றரியை அளந்துவிட்டுச் சிரித்தார்.

"சேர், புதுப் பற்றரி என்னெண்டு செத்தது எண்டுதானே யோசிக்கிறியள். ஓடிப் பழுதாகிறது குறைவு சேர். நிண்டு பழுதாகிறதுதான் கூட."

வயர் கொடுத்து வானை ஸ்ராட் பண்ணிய பிறகும் அவர் போகவில்லை. தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னார். "தொண்ணூறில இருந்து தொண்ணூற்றஞ்சு மட்டும் பற்றரியளோடதான் எங்கட சீவியம். நீங்கள் அப்ப இஞ்ச இல்லையே."

உண்மைதான். நாங்கள் அப்போது இங்கே இல்லை. அந்த ஒரு வசனம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

இருட்டு தொடங்கிய ஆண்டு

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. கோட்டையைச் சுற்றிச் சண்டை. தெற்கிலிருந்து குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், உரம், சீமெந்து என்று நீண்ட தடைப்பட்டியலில் பற்றரியும் இருந்தது. ரோச் லைற்றுக்குப் போடுகிற சின்னப் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள்.

அந்த இருட்டின் முதல் மாதங்களில் எங்கள் சமூகமும் இங்கேதான் இருந்தது. இதைப் பலர் மறந்துவிடுகிறோம். ஜூனிலிருந்து ஒக்ரோபர் வரைக்கும் யாழ்ப்பாணத்துத் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே இருட்டில், ஒரே ஷெல் சத்தத்தில் இருந்தார்கள்.

எங்கள் வாப்பாவின் வாப்பாவிடம் ஒரு லொறி இருந்தது. இரும்புக்கடையும் லொறியும் தையலும் அன்றைய யாழ்ப்பாண முஸ்லிம்களின் முக்கியமான தொழில்கள். டீசல் இல்லாமல் லொறி முற்றத்தில் நின்றபோது, அவர் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு பலகைத் துண்டின் மேல் வைத்தார். இரவில் ஒரு சின்ன பல்ப். செய்தி நேரத்துக்கு மட்டும் வானொலி. மற்ற நேரத்தில் வயரைக் கழற்றி வைத்துவிடுவார். வயரோடு கிடந்தால் பற்றரி தானாக இறங்கும் என்று நம்பினார்.

1990 ஒக்ரோபர் 30, செவ்வாய்க்கிழமை. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், எல்லோரும் ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம், ஜின்னா மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். அங்கே வைத்து, யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற இரண்டு மணி நேரம் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். கையில் 150 ரூபாவும் உடுதுணியும் மட்டும். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. வடக்கிலிருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். மறைந்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லா அவர்கள் எங்கள் மக்களின் இழப்புகளைப் பல ஆண்டுகள் தேடித் தேடிப் பதிவு செய்தவர். அல்லாஹ் அவருக்கு உயர்ந்த சுவனத்தைக் கொடுப்பானாக.

அன்று வீட்டை விட்டு வெளிக்கிடும்போது, வாப்பாவின் வாப்பா திரும்பி உள்ளே போனாராம். எதையோ எடுக்கப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் பற்றரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

வாப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். இரண்டு மூன்று நாளில் திரும்பி வருவோம் என்று நினைக்கிற மனிதன்தான் போகும்போது பற்றரி வயரைக் கழற்றுவான்.

எங்களுக்குப் பிறகு இங்கே நடந்தது

கராஜ் அண்ணன் எங்களுக்குச் சொன்னது இந்தப் பகுதிதான். இங்கே இருந்தவர்கள் பலர் இதைச் சொல்லக் கேட்டும் எழுத வாசித்தும் இருக்கிறோம்.

ரோச் பற்றரி இறங்கினால் எறிய மாட்டார்கள். வெயிலில் காயவைப்பார்கள். ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீர் விடுவார்கள். இது மூடநம்பிக்கை இல்லை. அந்தப் பற்றரிக்குள் இருக்கும் பசை காய்ந்து போவதும் அது இறங்க ஒரு காரணம். ஈரமும் உப்பும் மீண்டும் கிடைத்தால் கொஞ்ச நேரம் மறுபடி வேலை செய்யும். ஒன்று போதாவிட்டால், இறங்கிய பல பற்றரிகளை வரிசையாக அடுக்கி வானொலி கேட்பார்கள்.

அதுவும் முடிந்தால் சைக்கிள் டைனமோ. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் சுற்றி இருந்து பீபீசி தமிழோசை கேட்பார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நாங்கள் இதைக் கணக்காகவே கொடுத்திருக்கிறோம். சாதாரண சைக்கிள் டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று. அப்படியென்றால் அரை அம்பியர். 6 வோல்ற்று, 4 அம்பியர் மணி கொண்ட ஒரு மோட்டார் சைக்கிள் பற்றரியை அதால் நிரப்ப எவ்வளவு நேரம் மிதிக்க வேண்டும்? குறைந்தது 8 மணி நேரம். டைனமோவிலிருந்து வருவது ஆடலோட்டம் என்பதால் நடுவில் டயோட்டும் வேண்டும். கணக்கைச் செய்து முடித்ததும் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், அவங்களுக்குக் கால் நோகாதா?" நொந்திருக்கும் மகள்.

கார்களின் கதை இன்னொன்று. ஒஸ்ரின் சோமசெற், மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலேசில் பற்றாது. ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பழைய கார்களுக்கு முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றலாம். ஆகவே பற்றரி வலுவிழந்தாலும் கார் எழும்பும். காருக்குள் இருந்த பற்றரி வீட்டுக்குள் வந்தது. ஜாம் போத்தல் விளக்குக்கு அடுத்தபடியாக வீட்டில் பெறுமதியான வெளிச்சம் அதுதான்.

பற்றரிக்குள் விடுகிற தண்ணீருக்கும் தட்டுப்பாடு. கடையில் வாங்குகிற வடித்த நீர் கிடைக்காது. எங்கள் கிணற்றுத் தண்ணீரோ சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் பற்றரித் தகட்டையும் கெடுக்கும். ஆகவே மாரி மழைக்குக் காத்திருந்து, கூரையில் படாத மழைத் தண்ணீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்துப் போத்தல்களில் அடைத்து வைத்தார்கள். "ஒரு போத்தல் மழைத் தண்ணி குடுத்து அரை றாத்தல் பாண் வாங்கின நாளும் இருக்குது சேர்" என்றார் அண்ணன்.

அங்கே எங்களுக்கு நடந்தது

இதே ஆண்டுகளில் நாங்கள் புத்தளத்தில் இருந்தோம். இதை எழுதுகிற தலைமுறை கிடுகுக் குடிசைகளில் பிறந்து வளர்ந்தது. ஆரம்பத்தில் அங்கும் மின்சாரம் இல்லை. அங்கும் பற்றரிதான்.

சைக்கிள் கரியரில் பழைய ரியூப்பால் பற்றரியைக் கட்டி, சார்ஜ் ஏற்றுகிற கடைக்குக் கொண்டுபோவார்கள். இரண்டு நாள் கழித்துப் போய் எடுத்து வருவார்கள். திரும்பி வரும்போது கவனம். அசிற் சிந்தினால் சாரத்தில் ஓட்டை விழும்.

1996 மார்ச் 17 எங்களுக்கு மங்கலாக நினைவிருக்கிறது. லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். 12 வோல்ற்றில் ஓடுகிற கறுப்பு வெள்ளை ரீவி ஒன்றைச் சுற்றி முகாமே கூடியிருந்தது. அரவிந்த டி சில்வா அடிக்க அடிக்க, ரீவிப் படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டு வந்தது. பற்றரி இறங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். யாரோ ஓடிப்போய் இன்னொரு பற்றரி கொண்டுவந்தார்கள். அவர் 107 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார், நாடு வென்றது. எங்களை யாரென்று பதிவதற்கே தயங்கிய நாடு. ஆனாலும் நாங்கள் துள்ளினோம்.

பற்றரிகள் அங்கே ஒரு வருடம், ஒன்றரை வருடத்துக்கு மேல் நிற்காது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரியும். வாகனப் பற்றரி ஒரு சில விநாடி பெரிய பலம் கொடுத்து எஞ்சினை எழுப்பச் செய்யப்பட்டது. அதன் தகடுகள் மெல்லியவை. மணிக்கணக்கில் ரீவி பார்த்து அடிமட்டம் வரைக்கும் இறக்கினால் அது சீக்கிரம் சாகும். பாதிக்குக் கீழே இறக்காமல் பாவித்திருந்தால் நீண்ட காலம் இருந்திருக்கும்.

1995 ஒக்ரோபர் 30. நாள் மாறவில்லை, ஐந்து ஆண்டுகள்தான் மாறியிருந்தன. வலிகாமத்தின் தமிழ் மக்கள் லட்சக்கணக்கில் ஒரே இரவில் வீடுகளை விட்டுச் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். கராஜ் அண்ணனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். சைக்கிளில் தாயாரை ஏற்றித் தள்ளிக்கொண்டு போனாராம். "பற்றரியைக் கொண்டுபோகேலாது சேர். பாரம். வயரைக் கழட்டி வைச்சிட்டுப் போனன்."

இதைக் கேட்டபோது எங்களுக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பிறகு வாப்பாவின் வாப்பா கதையை அவருக்குச் சொன்னோம். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எந்தத் தெருவில சேர் அந்த வீடு?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு வெளியேற்றமும் ஒன்றல்ல. யார் விரட்டினார்கள், ஏன், எத்தனை ஆண்டுகள் என்பதெல்லாம் வேறு. வரலாற்றில் அதைக் குழப்பக் கூடாது. ஆனால் வயரைக் கழற்றி வைத்த இரண்டு கைகளும் ஒரே நம்பிக்கையில்தான் கழற்றின.

பற்றரி ஏன் தானாகச் சாகிறது?

ஈய அமிலப் பற்றரியை 1859இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே செய்தார். ஏறக்குறைய 165 ஆண்டுகள் கழிந்தும் எங்கள் வானுக்குள் இருப்பது அடிப்படையில் அதேதான்: ஈயத் தகடுகள், நடுவில் சல்பூரிக்கமிலம். ஒரு கலம் 2.1 வோல்ற்று. ஆறு கலம் சேர்ந்து 12.6.

மின் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேற்றுப் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து திரும்பிவிடும். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால், அது கெட்டியான படிகமாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் கரையாது. அண்ணன் 'நிண்டு பழுதாகிறது' என்று சொன்னது இதைத்தான்.

வயரைக் கழற்றினாலும் பற்றரி உள்ளுக்குள் மெதுவாக இறங்கும். வெப்பம் 10 பாகை கூடினால் அந்த வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். யாழ்ப்பாணத்து வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் வாகனத்தின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

வயர் கழற்றாவிட்டால் இன்னும் மோசம். மணிக்கூடு, அலாரம், வானொலியின் நினைவகம் எல்லாம் வாகனம் நிற்கும்போதும் குடிக்கும். 30 மில்லி அம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 0.72 அம்பியர் மணி. இரண்டு மாதத்தில் 43. எங்கள் வானின் பற்றரி 60. 'டிக்' என்ற சத்தத்தின் கணக்கு இதுதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும், 2022இல் எரிபொருள் இல்லாமல் போனபோதும் ஊரெல்லாம் இது நடந்தது. 2022 மார்ச் 31இல் 13 மணி நேர மின்வெட்டு. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்ற எவருக்கும் எரிபொருள் இல்லை என்றார்கள். வாகனங்கள் வாசலில் நின்றன. எரிபொருள் வந்தபோது பற்றரிகள் செத்திருந்தன. ரூபாயின் பெறுமதி விழுந்ததால் புதுப் பற்றரியின் விலையும் ஏறியிருந்தது. வயரைக் கழற்றி வைத்தவர்கள் பலர் தப்பினார்கள். எங்கள் மூத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

என்ன செய்யலாம்?

புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் வாகனத்தை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்களுக்காக, அண்ணன் சொன்னதும் நாங்கள் படித்ததும் சேர்த்து:

1. இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். கழற்றும்போது நெகற்றிவ் முதலில். பூட்டும்போது அது கடைசியில். வானொலிக்கும் அலாரத்துக்கும் இரகசிய எண் இருந்தால் முதலே எழுதி வையுங்கள்.

2. நிறுத்தும்போது முழுச் சார்ஜோடு நிறுத்துங்கள். பாதியோடு நிறுத்துவதுதான் பெரிய பிழை.

3. மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். வாகனம் ஓடி நின்று சில மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். 12.6 என்றால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். அப்போதே சார்ஜ் ஏற்றுங்கள். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போக விடாதீர்கள்.

4. இரண்டு நிமிடம் ஸ்ராட் பண்ணி நிறுத்துவதால் பயனில்லை. பற்றரி நிரம்ப அது போதாது. அரை மணி நேரமாவது ஓடுங்கள். முடியாவிட்டால், நிரம்பியதும் தானாகக் குறைத்துக்கொள்கிற சின்னச் சார்ஜர் ஒன்றைப் போடுங்கள். எங்கள் வெயிலுக்கு, கொன்றோலரோடு கூடிய சின்னச் சோலார் தகடும் நல்லது.

5. மூடி திறக்கிற பற்றரி என்றால் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். தகடு மூடியிருக்க வேண்டும். வடித்த நீர் மட்டும் விடுங்கள். சார்ஜ் ஏறிய பிறகு விடுங்கள். கிணற்றுத் தண்ணீரும் அசிற்றும் வேண்டாம்.

6. முனைகளில் வெள்ளை, பச்சையாகப் படிந்திருந்தால் அப்பச்சோடாக் கரைசலால் கழுவித் துடைத்து, மேலே கிறீஸ் பூசுங்கள்.

7. சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வெளிவரும். பக்கத்தில் நெருப்பு, சிகரெட் வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பலகைத் துண்டைப் பற்றியும் கேட்பீர்கள். அந்தக் காலத்துப் பற்றரிக் கூடுகளில் கசிவு இருந்தது. அதனால் ஈரத் தரையில் வைக்கக் கூடாது என்றார்கள். இன்றைய பிளாஸ்ரிக் கூட்டுக்கு அது தேவையில்லை. ஆனாலும் நாங்கள் பலகை வைத்திருக்கிறோம். அது விஞ்ஞானத்துக்காக அல்ல.

கடைசியாக ஒன்று

2002இல் பாதை திறந்தபோது வாப்பா முதல்முறை வந்து பார்த்தார். கூரை இல்லை. கதவு, நிலை இல்லை. லொறி நின்ற இடத்தில் ஆளுயரப் பற்றை. சுவர் மட்டும் நின்றது. 2009க்குப் பிறகு கொஞ்சக் குடும்பங்கள் வந்தன. நாங்களும் வந்தோம். இன்றும் பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. பிள்ளையின் படிப்பு அங்கே, காணி இங்கே. உம்மா அங்கே, வாக்கு இங்கே. யாரையும் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. எங்கள் உம்மாவே இன்னும் புத்தளத்தில்தான் இருக்கிறார்.

ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை ஒக்ரோபரில் கூடி அழுதுவிட்டுப் போவது, இரண்டு நிமிடம் ஸ்ராட் பண்ணி நிறுத்துவதைப் போன்றது. அடிக்கடி வாருங்கள். வீட்டைத் திறந்து கூட்டுங்கள். எங்கள் பாடசாலைகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை போதாது, முடிந்தவர்கள் சேருங்கள். பக்கத்து வீட்டுத் தமிழ் அண்ணனோடு, அக்காவோடு தேத்தண்ணீர் குடித்து, 1990இல் நீங்கள் எங்கே, நாங்கள் எங்கே என்று பேசுங்கள். எங்கள் வேதனையைச் சொல்லுங்கள், அவர்களுடையதையும் கேளுங்கள். நீண்ட காலம் பேசாமல் விட்டது இறுகிப்போகும்.

அந்தக் காலத்தில் லொறி ஓட்டியவர்கள், கராஜில் நின்றவர்கள், முகாமில் பற்றரி சார்ஜ் ஏற்றிக் கொடுத்தவர்கள் இருந்தால், உங்கள் கதைகளை எங்களிடம் சொல்லுங்கள். எழுதி வைக்கிறோம். சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக மவுத்தாகிக்கொண்டு வருகிறார்கள்.

கராஜ் அண்ணன் போகும்போது காசு வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தோம். "அடுத்தமுறை வானை நிப்பாட்டேக்க வயரைக் கழட்டுங்கோ சேர்" என்றார். "உங்கட அப்புவுக்குத் தெரிஞ்ச வேலை உங்களுக்குத் தெரியேல்லையே."

இப்போது தெரியும். இந்தமுறை புத்தளத்திலிருந்து வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தோம்.

அல்லாஹ் எங்கள் எல்லோரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.